கெளுத்திக்குச் சுற்றிப் போட்ட உப்பு

மல்லேஸ்வரம் பதினைந்தாவது கிராஸில் வேதவல்லியின் முகம் தெரியாதவர்கள் சிலர் உண்டு. சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது கூடவே வருகிற வாசனையைத் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. வெங்காயம்கூடப் படியேறாத வீட்டு மருமகள், நாற்பது வயதுக்கு மேல் எலஹங்கா தாண்டி ஒரு மீன் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போய், நாளெல்லாம் கெளுத்தியைப் பிடித்து எடை பார்த்துவிட்டு வருகிறாள் என்றால் தெரு சும்மா இருக்குமா? பூக்காரி அவளுக்கு முழம் போடும்போது ஓர் அடி தள்ளி நின்று போட்டாள். வெள்ளிக்கிழமை ஸ்தோத்திர வகுப்பில் அவளுக்கென்று ஜன்னலோரமாக ஒரு பாய் ஒதுக்கினார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த வேதவல்லி ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"பெருமாள் முதல்ல மீனாத்தானே வந்தார்? அப்போ மட்டும் மூக்கைப் பொத்திண்டா சேவிச்சேள்?"

அதற்கப்புறம் யாரும் அவளுக்கு ஜன்னலோரம் ஒதுக்கவில்லை. காற்று வருகிறதே என்று அவளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் மீனைத் தேடிப் போனவள் அல்ல. ரசாயனம் படித்துவிட்டு, அரசாங்க ஆய்வகம் ஒன்றில் குடிதண்ணீர் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். கல்யாணமான புதிதில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து, முதல் குழந்தை பிறந்ததும் அதை மூட்டை கட்டி வைத்தவள். தொண்ணூற்றைந்தில் மாற்றல் உத்தரவு வந்தபோது, அதில் மீன் பண்ணை என்று எழுதியிருந்ததைப் பார்த்து அவள் கணவன் சேஷகிரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போயிற்று. வேறு யாராவது என்றால் அழுது புரண்டு, ஆளைப் பிடித்து உத்தரவை மாற்றியிருப்பார்கள். வேதவல்லி மறுநாளே டிபன் டப்பாவில் தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள்.

போன முதல் நாளே கெளுத்தி அவளை வரவேற்றது. தொட்டியில் கை விட்டு ஒன்றை எடுக்கப் போனவளை, செவுளுக்குப் பக்கத்து முள்ளால் ஒரு குத்துக் குத்தியது. கை விண்விண் என்று தெறித்தது. அங்கே தொட்டி கழுவும் தினக்கூலிப் பெண் ஒருத்தி ஓடி வந்து, கையைப் பிடித்து வெந்நீரில் முக்கினாள். அவள்தான் பாஞ்சாலி. காவேரிப்பட்டணத்துக்காரி. கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு பெங்களூருக்கு வந்து, அவன் போன பிறகும் ஊர் திரும்பாமல் ஹெப்பாள் பக்கம் ஒரு ஒற்றை அறையில் இருந்தாள்.

"இத்த இப்பிடிக் கழுத்துப் பக்கம் அமுக்கிப் புடிக்கணும் மேடம். மீசையப் பாத்து பயந்துக்காதீங்க, மீசை ஒண்ணும் பண்ணாது" என்றாள் பாஞ்சாலி.

அந்த வலியோடு தொடங்கிய சிநேகம் அது.

அந்த வருஷங்களில் ஊரைச் சுற்றி ஆளாளுக்குக் கெளுத்திக்குக் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும், சேற்றில் போட்டாலும் சாகாது என்று கெளுத்திக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது மெய்தான். ஆனால் சாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. ஒருவர் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தது. இன்னொருவர் நிலத்துத் தண்ணீர் நாக்கில் வைத்தால் புளித்தது. ஒரே தீனி போட்டும் ஒரு குளத்து மீன் முழங்கை நீளம் வந்தது, இன்னொரு குளத்து மீன் விரல் நீளத்திலேயே நின்றது. ஏன் என்று கேட்டு விவசாயிகள் பண்ணை வாசலில் வந்து நிற்பார்கள். புளிப்பு எவ்வளவு வரை தாங்கும், உப்பு எவ்வளவு வரை தாங்கும் என்று அங்கே சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. மூட்டை கட்டி வைத்த படிப்பு வேதவல்லிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடியும் பதிவு செய்தாள். அவளுடைய வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் ரங்கநாதன், நல்லவர், அவசரக்காரர்.

கொட்டகைக்குள் ஏழு வரிசையாகச் சின்னச் சின்னத் தொட்டிகள் வைத்தாள். முதல் வரிசையில் வெறும் தண்ணீர், எதுவும் கலக்காதது. நடுவில் மூன்று வரிசை, ஒன்றைவிட ஒன்று புளிப்பு. கடைசி மூன்று வரிசை, ஒன்றைவிட ஒன்று உப்பு. எல்லாவற்றிலும் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே தீனி. முதல் வரிசைதான் அளவுகோல். மற்ற வரிசை மீன் எவ்வளவு வளர்ந்தது, எவ்வளவு தேய்ந்தது என்பதை முதல் வரிசையை வைத்துத்தான் சொல்ல முடியும். இந்தப் பரீட்சை சரியாக முடிந்தால் பட்டம். முடியாவிட்டால் பதிவுக் காலம் தீர்ந்துவிடும், அந்த வயதில் மூன்றாம் தடவை பதிவு கேட்டால் சிரிப்பார்கள். வேதவல்லிக்கு அது நன்றாகத் தெரியும்.

தினமும் காலையில் எல்லாத் தொட்டியிலும் புளிப்பை அளப்பாள். உப்பை மட்டும் கடைசி மூன்று வரிசையில் அளப்பாள். வெறும் தண்ணீரில் உப்பை எதற்கு அளப்பது? இதை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

முதல் சில மாதங்கள் ஜோராகப் போயின. புளிப்பு மிகுந்த வரிசையில் மீன்கள் உடம்பெல்லாம் வழவழவென்று கோழை தட்டி, தீனியைப் பார்த்தும் பார்க்காமல் கிடந்தன. உப்பு மிகுந்த வரிசையிலும் அப்படித்தான், தலை பெருத்து உடம்பு சூம்பி. முதல் வரிசை மீன்களோ பளபளவென்று கொழுத்து, தீனி விழுகிற சத்தத்துக்கே துள்ளிக்கொண்டு வந்தன. துறையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் வந்து போன பிறகுதான் சனி பிடித்தது. முதல் வரிசை மீன்கள் தீனியைக் குறைத்துக்கொண்டன. எடை ஏறுவது மெதுவானது, பிறகு அநேகமாக நின்றே போனது. வேதவல்லி தீனியை மாற்றிப் பார்த்தாள். செவுளைத் திறந்து நோய் இருக்கிறதா என்று பார்த்தாள். காற்றுக் குழாயைக் கழற்றி மாட்டினாள். ஒன்றும் புரியவில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் கெளுத்தி ஞாபகம்தான். ரசத்தில் உப்புப் போட மறந்தாள், இரண்டு தடவை போட்டாள். சேஷகிரி வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போனார். நல்ல மனுஷர்.

கடைசியில் ஒரு நாள், வேறு வழியில்லாமல், முதல் வரிசைத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இரண்டு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டாள். உப்பு இருந்தால் காட்டிக் கொடுக்கிற மருந்து அது. தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்துத் திரண்டது. ஓடிப் போய் போர்வெல் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். லேசாகப் புகைந்தது, அவ்வளவுதான். ஆக உப்பு பூமியிலிருந்து வரவில்லை. யாரோ கையால்தான் வந்திருக்கிறது.

மத்தியானம் கொட்டகை நிழலில் இருவரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தபோது வேதவல்லி கேட்டாள்.

"பாஞ்சாலி, முதல் வரிசையில யாராவது எதையாவது கொட்டறாளா? நீ பாத்தியோ?"

"ஒருத்தரும் கிட்ட வர்ல மேடம். நான் உட்ருவனா?"

"தண்ணில உப்பு இருக்கே."

பாஞ்சாலியின் முகம் மலர்ந்தது.

"அது நான் போட்டது மேடம்."

வேதவல்லி டப்பாவை மூடி வைத்தாள்.

"அந்தப் பெரிய ஆபீசருங்க வந்தாங்கல்ல" என்றாள் பாஞ்சாலி. "அதுல கண்ணாடி போட்டவரு குனிஞ்சு பாத்து, 'எஷ்டு தப்ப ஆகிதே'ன்னாரு. எவ்ளோ குண்டாயிடுச்சுன்னு வாயத் தொறந்து சொல்லிட்டாரு. கண்ணு பட்டுடுச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. பெத்த புள்ளையவே அப்பிடிச் சொல்லக் கூடாது, வாயில்லா ஜீவன சொல்லலாமா? மறுநாளே பாத்தா தீனி எடுக்க மந்தமா இருந்துச்சு. அதான், காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி கல்லுப்பு எடுத்துச் சுத்தி, அந்தந்தத் தொட்டியிலயே கரைச்சுடறேன்."

"தினமுமா?"

"தினமும்தான். அப்பிடியும் அது எந்திரிக்கல பாருங்க. கண்ணு பெருசா பட்டுக்கிதுன்னு பிடிய இன்னும் கொஞ்சம் பெருசாக்கிக்கினேன்."

வேதவல்லி கேட்டாள். "மத்த வரிசைக்கெல்லாம் ஏன் போடலை?"

"அதுங்க சோணிங்க மேடம். சோணியப் பாத்து எவன் கண்ணு வெப்பான்?"

வேதவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். திருஷ்டி உப்பில் ஒரு வருஷம் கரைந்துபோயிருந்தது. அதைக் கரைத்தவளோ அந்த மீன்கள்மேல் பெற்ற பிள்ளைகள்போல உயிரை வைத்திருந்தாள். யார்மேல் கோபப்படுவது?

"உப்புப் பட்டா இந்த மீனுக்கு ஆகாதுடி. அதனாலதான் அது வளரலை" என்று மட்டும் சொன்னாள்.

பாஞ்சாலி கையில் எடுத்த களியை அப்படியே வைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

ரங்கநாதனிடம் போய்ச் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து விசிறியைப் பார்த்தார்.

"அந்த வரிசையோட முதல் பாதிக் கணக்கை வெச்சுக்கோங்க. மீதிக்கு அதே போக்குல ஒரு கோடு இழுத்து நீட்டிடலாம். யாரு வந்து தொட்டியை மோந்து பாக்கப் போறா?"

கெட்ட எண்ணத்தில் சொன்னவர் அல்ல. படிப்பைப் பாதியில் விட்டுப் போன மாணவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்தவர், இவளாவது கரையேறட்டும் என்று சொன்னார்.

"வேண்டாம் சார். குளம் வெட்டறவா இதைப் படிச்சுட்டுத்தான் தண்ணி விடுவா. அளவுகோலே கோணலா இருந்தா எல்லாம் கோணல். நான் மறுபடியும் முதல்லேர்ந்து பண்றேன்."

"மறுபடியும்னா கமிட்டிக்குக் காரணம் எழுதணும். யாரு போட்டான்னு கேப்பாங்க. ஆள் யாரு?"

அந்த அறையில் இருந்து பாஞ்சாலி என்ற பெயர் வெளியே போனால், தினக்கூலிக்காரிக்கு மறுநாள் கொட்டகைக் கதவு திறக்காது. விளக்கம் கேட்க மாட்டார்கள், நாளையிலிருந்து வராதே என்று ஒரு வார்த்தை போதும்.

"கடைசி மூணு வரிசையில உப்பை அளந்தேன் சார். முதல் வரிசையில அளக்கலை. இந்தப் பரீட்சை எதுக்குன்னு அங்க வேலை செய்யறவாளுக்கு ஒரு வார்த்தை சொல்லியும் வெக்கலை. ரெண்டும் என் தப்பு."

"நான் கேட்டது ஆள் யாருன்னு."

"நான் சொன்னதுதான் சார் பதில்."

ரங்கநாதனுக்குக் கோபம் வந்தது. அதன்பின் கொஞ்ச நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கமிட்டியில் அவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். தண்ணீரைப் பரிசோதிக்கிற அனுபவக்காரி, தன் தொட்டித் தண்ணீரைப் பரிசோதிக்க மறந்தாளா என்று ஒருவர் குத்தலாகச் சொன்னார். ஆமாம் சார், மறந்துவிட்டேன் என்றாள். இதுதான் கடைசித் தவணை, இதற்குமேல் கிடையாது என்று சொல்லி ஒரு வருஷம் கொடுத்தார்கள். வயதில் இளையவர்கள் எதிரில் அப்படித் தலை குனிந்து நிற்பது லேசான காரியம் இல்லை. நானாக இருந்தால் பெயரைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அன்று மாலை காபி ஆறிப்போகும்வரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேஷகிரி முழுவதையும் கேட்டார்.

"சரி, வேதா. இன்னும் ஒரு வருஷம் தெரு மோந்துண்டு இருக்கட்டும்" என்றார். அவளுடைய பண்ணைப் புடவையைத் தனி வாளியில் ஊறப்போட எழுந்து போனார்.

புதுக் குஞ்சுகள் வந்தன. பாஞ்சாலி உப்பைத் தொடவில்லை. தொட மாட்டேன் என்று சத்தியமே பண்ணியிருந்தாள். ஆனால் ஆள் ஆளாக இல்லை. யாராவது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் குறுக்கே போய் நின்றாள். தொட்டிகளின் மேல் பழைய சாக்கைப் போட்டு மூடினாள். ஒரு குஞ்சு செத்தாலும் அன்றைக்கெல்லாம் முகம் வாடிக் கிடந்தது. பயத்தில் எடை பார்க்கும்போது மீனை வேறு நழுவ விட்டாள். சொல்லித் தீராது என்று வேதவல்லிக்குப் புரிந்தது. நம்பிக்கையைப் பிடுங்கினால் அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தினமும் காலையில் எல்லாத் தொட்டியிலும் கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். அப்போது கடைசி மூன்று வரிசைக்கும் அந்தந்த அளவு உப்பைக் கலக்க வேண்டும். அதை வேதவல்லியே எடை போட்டுக் கலப்பது வழக்கம். ஒரு நாள் காலையில், எடை போட்ட உப்பைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் தொட்டி எண்ணைப் போட்டு, பாஞ்சாலியைக் கூப்பிட்டாள்.

"திருஷ்டி சுத்தின உப்பை எங்க போடணும்?"

"தண்ணியில கரையணும் மேடம்."

"எந்தத் தண்ணில?"

பாஞ்சாலி யோசித்தாள். "எதுவானா என்னா? கரைஞ்சா சரி. சுத்துனதுலேயே கண்ணு உப்புல எறங்கிடும். அப்புறம் அது எங்க போனா என்னா."

"அப்போ இந்தா. இதை எடுத்து எல்லா வரிசைக்கும் நன்னா சுத்து. சுத்திட்டு, எந்தப் பொட்டலத்துல எந்த நம்பரோ அந்தத் தொட்டியில போடு. ஒரு கல்லு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

பாஞ்சாலி பொட்டலங்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போனவள், ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"நடு வரிசைக்குப் புளிப்புதான வோணும்? எலுமிச்சம்பழம் சுத்திப் போடட்டுமா மேடம்?"

"வேண்டாம். அதை நானே பாத்துக்கறேன்" என்றாள் வேதவல்லி அவசரமாக.

அந்த வருஷம் பூராவும் கடைசி மூன்று வரிசைக்கு உப்புப் போட்டது பாஞ்சாலிதான். வேதவல்லி இந்தத் தடவை ஏழு வரிசையிலும் உப்பை அளந்தாள். முதல் வரிசையில் துளி ஏறவில்லை. கடைசி மூன்றிலும் வைத்த அளவிலிருந்து அசையவில்லை. பாஞ்சாலி யுகாதிக்கும் வந்தாள், தீபாவளிக்கும் வந்தாள். ஜுரத்தோடு ஒரு நாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து சுற்றிப் போட்டுவிட்டுப் போனாள். திருஷ்டி கழிக்கிறவள் லீவு எடுப்பாளா?

வருஷக் கடைசியில் கணக்கு தெளிவாக நின்றது. வெறும் தண்ணீர் மீன்கள் கொழுகொழுவென்று வந்தன. லேசான புளிப்பையும் லேசான உப்பையும் கெளுத்தி பொறுத்துக்கொண்டது. அதற்குமேல் போனால் உயிரைக் காத்துக்கொள்வதிலேயே தின்றதெல்லாம் செலவாகி, உடம்பில் ஒட்டவில்லை. எந்த இடத்தில் அந்தக் கோடு விழுகிறது என்று இனி ஒரு விவசாயிக்குச் சொல்ல முடியும். வேதவல்லி முதல் வரிசை மீனையும் கடைசி வரிசை மீனையும் பக்கத்தில் பக்கத்தில் ஈரத்துணியில் வைத்துக் காட்டினாள்.

"பாத்தியா, பாஞ்சாலி?"

"பாத்தேன் மேடம். எல்லாக் கண்ணும் கடைசி வரிசையில போய் எறங்கிடுச்சு. எப்பிடிச் சூம்பிப்போச்சு பாருங்க."

வேதவல்லி அதை மறுக்கவில்லை. இருவரும் ஒரே மீனைத்தான் பார்த்தார்கள்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு தொண்ணூற்றெட்டில் நடந்தது. நாலு பேர் எதிரில் நடக்கிற தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சேஷகிரி முதல் வரிசையில் இருந்தார். வேதவல்லி கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்த பாஞ்சாலி, நாற்காலியில் உட்காரக் கூசிக் கடைசிச் சுவரோரம் நின்றாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு மணி நேரம் துருவினார். எல்லாம் இங்கிலீஷ். கடைசியாகத் தாளைப் புரட்டி, ஒரு சந்தேகம் என்றார்.

"இந்த உப்பு வரிசைகளில் வருஷம் முழுக்க அளவு ஆடவே இல்லை. நானும் இப்படிப் பரீட்சை நடத்தியிருக்கிறேன். பண்டிகை வந்தால் ஆள் வராது, ஞாயிற்றுக்கிழமை மறந்துபோகும், மறுநாள் இரண்டு மடங்காகக் கொட்டி வைப்பார்கள். இங்கே ஒரு நாள்கூடத் தவறவில்லையே. உப்பைப் போட்டது யார்?"

ரங்கநாதன் நிமிர்ந்தார். யார் போட்டது என்ற அந்தக் கேள்வியை அவர் ஒரு தடவை கேட்டு, பதில் வாங்காமல் தோற்றிருந்தார்.

"பாஞ்சாலி" என்றாள் வேதவல்லி. அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். பிறகு கடைசிச் சுவரைப் பார்த்துத் தமிழில், "பாஞ்சாலி, முன்னால வா. உன்னைத்தான் கேக்கறார்" என்றாள்.

பாஞ்சாலி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்து கும்பிட்டாள். ரங்கநாதன் அவளைப் பார்த்தார். வேதவல்லியைப் பார்த்தார். இரண்டு வருஷமாகத் தெரியாதிருந்தது அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். எதற்கென்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் பாஞ்சாலி மடியிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை எடுத்தாள். இத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், விடுவாளா? வேதவல்லி வராந்தாவிலேயே கிழக்குப் பார்த்து நின்றாள், புதிதாக டாக்டர் ஆனவள், ஸ்தோத்திர வகுப்புப் பெண்களுக்கே வாயடைக்கும்படி பதில் சொன்னவள், வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக நின்றாள். பாஞ்சாலி மூன்று தரம் சுற்றினாள். சுற்றிவிட்டு, மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"இத்த எந்த நம்பர் தொட்டியில போடட்டும் மேடம்?"

"இன்னிக்கு உன் இஷ்டம், பாஞ்சாலி" என்றாள் வேதவல்லி.